சட்டாம்பிள்ளை முதல் வழிகாட்டும் ஆசிரியர் வரை



ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், திருகோணமலையிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடக்கும் இயந்திரப் படகொன்றில் ஏறி, மூதூர்க் கரையில் இறங்கி, அங்கிருந்து துவிச்சக்கர வண்டியில் ஒரு சிற்றூர்ப் பாடசாலைக்கு முதல் நியமனம் பெற்றுச் சென்றேன். கையிலே கலைப்பட்டம் இருந்தது. கற்பித்தற் பயிற்சி எதுவும் இருக்கவில்லை. அதிபர் என் நியமனக் கடிதத்தை வாங்கிப் படித்தார். இரண்டு வெண்கட்டித் துண்டுகளைத் தந்தார். ஏழாந் தரத்து வகுப்பைச் சுட்டிக் காட்டினார். என் ஆசிரியப் பயிற்சி அவ்வளவில் தொடங்கி அவ்வளவில் நிறைவெய்தியது.

மூன்றாம் நாள், ஓய்வுபெறும் வயதை அணுகியிருந்த ஆசிரியர் ஒருவர் அனுமதி கேட்டு என் வகுப்பின் பின்புறத்தில் வந்து அமர்ந்தார். நான் சமூகக் கல்விப் பாடத்தை மிக உற்சாகமாக நடத்தினேன். பல்கலைக்கழகத்திற் கேட்ட விரிவுரைகளின் சாயல் அதில் இருந்திருக்கவேண்டும். பாடம் முடிந்ததும் வேப்பமர நிழலில் அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “தம்பி, மூன்றாம் வாங்கின் ஓரத்தில் இருந்த பிள்ளை எந்த நூலைத் திறந்து வைத்திருந்தது? பார்த்தீரா?” நான் பார்க்கவில்லை. அவரும் மேலே ஒன்றும் கூறவில்லை. மறுநாள் வாங்குகளுக்கிடையே நடந்து பார்த்தேன். இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளை அது. அதன் முன்னே விரிந்திருந்தது கணித நூல். சமூகக் கல்வி நூல் அதனிடம் இருக்கவேயில்லை. மூன்று நாட்களாக அப்பிள்ளை வேறொரு நூலின் பக்கங்களை, நான் புரட்டச் சொன்ன போதெல்லாம், ஒழுங்காகப் புரட்டிக் கொண்டிருந்திருக்கிறது.

அன்றுதான் நான் ஆசிரியனாகத் தொடங்கினேன் என்று எண்ணுகிறேன். அப்பெரியவர் அந்த வகுப்புக்கு வந்தது எந்தச் சுற்றுநிருபத்தின்படியும் அன்று. அவருடைய நல்லியல்பினால் வந்தார். அவர் வராதிருந்தால்? இவ்வினாவே இன்றைய பேச்சுக்கு அடிப்படை. புதிய ஆசிரியர் ஒருவருக்குத் துணை நிற்பதைத் தனி மனிதரின் நல்லியல்புக்கு விட்டுவிடுவதா, அன்றி அதையும் ஒரு தொழிலாகக் கருதிக் கற்றுக் கொடுப்பதா? இவ்வினா புதிது போலத் தோன்றும். உண்மையில் இதன் வரலாற்றில் நம் தமிழ்த் திண்ணைக்கும் ஒரு பங்கு உண்டு. அது உலகறிந்த பங்கு.

நம் பாட்டன்மார் காலத்தில் ஊர் உபாத்தியாயரைச் ‘சட்டம்பியார்’ என்று அழைப்பது வழக்கம். இச்சொல்லை இளந்தலைமுறையினர் மறந்துவிட்டனர். திண்ணைப் பள்ளியிலே, முன்னேறிய மாணாக்கன் ஒருவனை ஆசிரியர் மற்றவர்களுக்குத் தலைவனாக வைப்பார். அவன் பெயர் சட்டாம்பிள்ளை. மலையாள நாட்டிலும் அவனைச் சட்டம்பி என்பர். கேரளத்தின் பெரியார்களுள் ஒருவராகிய சட்டம்பி சுவாமிகள் அப்பெயரைப் பெற்றது தம் பள்ளியில் அப்பொறுப்பை வகித்தமையாலேயே. எனவே, மாணவத் தலைவனைக் குறித்த அதே சொல் நம் நாட்டில் மரியாதை விகுதி பெற்று ஆசிரியரையும் குறித்து நின்றது. ஆசிரியர் எங்கிருந்து வளர்ந்து வந்தார் என்பதை இதைக் காட்டிலும் தெளிவாக எந்தச் சாசனமும் கூறாது.

திண்ணையில் நடந்தது என்ன? மணலைப் பரப்பி, விரலால் எழுதி, எழுதும்போதே ஒலித்து எழுத்தறிந்தனர். பின்னர் ஓலையும் எழுத்தாணியும் வந்தன. ஒருவன் முன்னே சொல்ல ஏனையோர் பின்னே சொல்லுதலை முறைவைத்தல் என்றனர். ஆசிரியர் ஒருவரே, மாணாக்கரோ பல படிநிலையினர். ஆகவே மேற்படியில் நிற்பவன் கீழ்ப்படியில் நிற்பவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். சொல்லிக் கொடுக்கும்போது ஆசிரியரின் கண் அவன்மேல் இருந்தது. பிழைத்தால் அவனுக்கும் பிரம்புண்டு. அதை நான் போற்றவில்லை. ஆனால் கற்பித்தலைக் கற்பது, அனுபவமுடைய ஒருவரின் பார்வையின்கீழ், உண்மையான பிள்ளைகளுக்கு நடுவே நடந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

1623ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் மேற்குப் பகுதியிற் பயணஞ்செய்த பியேத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியர், கோயில் முன்றிலில் சிறுவர் சிலர் மணலில் எழுதியவாறே ஒருவருக்கொருவர் பாடஞ் சொல்லிக் கொள்வதைக் கண்டு வியந்து எழுதி வைத்தார். அவர் எழுத்தை அக்காலத்தில் எத்தனை பேர் பொருட்படுத்தினரோ? அவ்வழக்கம் உலகப் புகழ் பெறுவதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் செல்லவேண்டியிருந்தது.

அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில், ஆங்கிலப் படைவீரரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கென அமைந்த இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் பழைய வழியை விட்டு அசைய மறுத்தனர். ஒரு நாள் அவ்வழியே செல்லும்போது, தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிக்கும் பள்ளி ஒன்றைக் கண்டார். (அக்கால ஆங்கிலேயர் தமிழரை ‘மலபார்’ என்றே குறிப்பிட்டனர்; நம் இலங்கையிலும் அவ்வாறே.) பெல் மணலைத் தம் இல்லத்துக்குக் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் அதைத் தொட மறுக்கவே, ஜோன் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். வளர்ந்தோர் முடியாதென்றதை அச்சிறுவன் முடித்துக் காட்டினான். சிறிது காலத்தில் அவ்வில்லம் முழுவதுமே மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் நிலையமாயிற்று. பெல் தாய்நாடு திரும்பி 1797இல் இச்சோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஜோசப் லங்காஸ்டர் இலண்டனில் ஏறக்குறைய இதே வழியிற் பள்ளி நடத்தத் தொடங்கினார். 1811இல் தோன்றிய திருச்சபைத் தேசிய சங்கம் பெல்லின் முறையை நாடெங்கும் பரப்பியது. ‘மதராஸ் முறை’ என்பதே அதன் பெயர். பெல் விட்டுச் சென்ற பணத்தினால் ஸ்கொத்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸ் நகரில் எழுந்த பாடசாலை இன்றும் மதராஸ் கல்லூரி என்றே வழங்குகின்றது.

மணலைத் தமிழரிடமிருந்து பெற்றதைப் பெல் ஒப்புக்கொண்டார். மாணவரைக் கொண்டு கற்பித்தலோ தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றார். இதில் எனக்கு ஐயமுண்டு. ஒரு திண்ணையில் மணலைக் கண்ட கண்ணுக்குச் சட்டாம்பிள்ளை எவ்வாறு தப்பியிருப்பான்? கிழக்கிந்தியக் கம்பனியின் இயக்குநரே 1814 யூன் 3ஆந் தேதிக் கடிதத்தில், இந்திய ஊராசிரியரிடம் தொன்றுதொட்டு வழங்கிய முறையே பெல் மூலம் இங்கிலாந்திற் கைக்கொள்ளப்பட்டது என்னும் கருத்தை எழுதினர். 1823இல் பெல்லாரி மாவட்ட ஆட்சியர் கம்பெல், மேல்மாணாக்கர் கீழ்மாணாக்கர்க்குக் கற்பிக்கும் நம் பள்ளிகளின் சிக்கனத்தைப் பாராட்டி, இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்றார். சென்னை ஆளுநர் தோமஸ் மன்றோ எடுப்பித்த கணக்கின்படி அம்மாகாணத்தில் அன்று 12,498 பள்ளிகள் இருந்தன. கடல் கடந்து போன முறை எத்துணை விரிந்த நிலத்தில் வேரூன்றி இருந்தது என்பதை இவ்வெண் காட்டும்.

ஆனால் பெருமை பேசிக் கொண்டே இருத்தல் ஆகாது. திண்ணையிலிருந்து போனது இங்கிலாந்தில் ஓர் ஆலையாயிற்று. ஓராசிரியர் ஆயிரம் பிள்ளைகளைக் கற்பிக்கலாம் என்று லங்காஸ்டர் பெருமையோடு கூறினார். பத்து வயதுச் சிறுவன் காலையில் தான் மனனஞ் செய்ததை மதியத்துக்குள் மற்றவர் வாயில் ஏற்றினான். அவனுக்குத் தெரியாததை அவன் எவ்வாறு விளக்குவான்? சட்டாம்பிள்ளையின் மேல் இருந்த ஆசிரியரின் கண், ஆயிரம் பேர் கொண்ட மண்டபத்தில் எங்கே நிலைக்கும்? திண்ணையில் முப்பது பேருக்கு நடுவே உயிரோடிருந்த ஒன்று அங்கே இயந்திரமாகிவிட்டது.

இக்குறையைக் கண்டவர் கே சட்டில்வேர்த். அவர் 1840இல் பட்டர்சீயில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். 1846இல் அவர் முயற்சியால் வந்த விதிகளே ‘மாணவ ஆசிரியர்’ முறையை நிலைநாட்டின. பதின்மூன்று வயதில் ஒருவர் தலைமையாசிரியர் ஒருவரிடம் ஐந்தாண்டு தொழில் பழகச் சேர்வார். நான் வலியுறுத்த விரும்புவது அதன் அடுத்த பகுதியை. தலைமையாசிரியர் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் அவருக்குத் தனியே கற்பித்தல் வேண்டும். அதற்காக அரசாங்கம் தலைமையாசிரியருக்கு ஒரு மாணவ ஆசிரியர்க்கு ஆண்டுக்கு 5 பவுண், இருவர்க்கு 9 பவுண் என்று தனிப்பட வழங்கியது. வழிகாட்டுதல் என்பது ஒரு வேலை. அதற்கு நேரமும் உண்டு, விலையும் உண்டு என்று ஓர் அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

அது நெடுநாள் நீடிக்கவில்லை. 1862இல் ரொபர்ட் லோவின் திருத்திய விதித்தொகுதி வந்தது. பரிசோதகர் முன்னிலையில் பிள்ளைகள் பெறும் பேற்றுக்கேற்பவே பணம் என்றாயிற்று. மாணவ ஆசிரியர்க்கும் அவரைப் பழக்குவோர்க்கும் இருந்த தனிக்கொடை நின்றது. விளைவு எதிர்பார்க்கக் கூடியதே: மாணவ ஆசிரியரின் தொகை வீழ்ந்தது, தலைமையாசிரியரின் கண் பரிசோதனை நாளிலேயே பதிந்தது. நம் இலங்கையிலும் 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் தோன்றியபின் உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்கு இதே பெறுபேற்றுக் கொடுப்பனவு முறை வந்து சேர்ந்தது. திண்ணையிலிருந்து புறப்பட்ட நல்லதொன்று இங்கிலாந்தைச் சுற்றிவிட்டு, அங்கு பற்றிய நோயோடு திரும்பி வந்தது என்று நான் வகுப்பிற் கூறுவதுண்டு.

இதற்கிடையே யாழ்ப்பாணத்தில் வேறு வழிகளும் இருந்தன. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் அமைத்த செமினரியிற் கற்றோர் பலர் ஆசிரியராயினர். ஆறுமுக நாவலர் மெதடிஸ்த பாடசாலையிற் கற்று அங்கேயே கற்பித்தும் பழகியவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபின் அவர் படிமுறையாக எழுதி அச்சிட்ட பாலபாடங்களை மாணவர் நூல்கள் என்றே நாம் கருதுகிறோம். அனுபவமற்ற ஆசிரியனின் கையில் அவையே ஒரு வழிகாட்டி என்பதை, அவற்றை வைத்துக் கற்பித்தவர் அறிவர். எதற்குப் பின் எது என்னும் ஒழுங்கை அவை அவனுக்கும் சேர்த்தே கற்பித்தன.

1903இல் கொழும்பில் அரசினர் ஆசிரிய பயிற்சிக் கல்லூரி எழுந்தது. காரைதீவில் 1892இற் பிறந்த மயில்வாகனம் என்னும் இளைஞர், மட்டக்களப்பிற் சிலகாலம் ஆசிரியராகப் பணியாற்றியபின், 1911இல் அங்கு பயிற்சிக்குச் சென்றார். பின்னாளில் சுவாமி விபுலாநந்தர் என உலகம் போற்றியவர் அவரே. முதலில் கற்பித்துவிட்டுப் பின்னர் பயிற்சி பெறும் நம்மவர் வழமை அவர்க்கும் விலக்கன்று. 1925இல் திருகோணமலை இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வந்தபின், அக்கல்லூரியை வழிநடத்தும் பணி சுவாமிகளின் கையிலும் இருந்தது. கோணேசர் மலையடியில் வாழும் எமக்கு இது மறக்கவொண்ணாத உறவு. அவரைப் போன்றவர் உடனிருந்தால் இளம் ஆசிரியர்க்குத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை எனலாம். ஆனால் விபுலாநந்தர்கள் எத்தனை பேர்?

1945இல் இலவசக் கல்வி வந்தது. பிள்ளைகள் வெள்ளம்போல் வந்தனர். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. இடங்கள் நிரப்பப்படுதல் வேண்டும். பயிற்சி பின்னர் வரட்டும் என்னும் வழக்கம் நிலைத்தது. இதை மாற்ற எழுந்தவையே கல்வியியற் கல்லூரிகள். 1985இல் முதற் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 1986ஆம் ஆண்டு 30ஆம் இலக்கச் சட்டம் அவற்றுக்கு உருக் கொடுத்தது. ஈராண்டு கல்லூரியில் தங்கிக் கற்றல், மூன்றாம் ஆண்டு ஒரு பாடசாலையிற் கட்டுறுபயில்வு என்பது அவற்றின் அமைப்பு. எம் பாடசாலைகளுக்கும் மட்டக்களப்பு, வவுனியா, அட்டாளைச்சேனைக் கல்லூரிகளிலிருந்து இவ்விளைஞர் வருகின்றனர். ஒவ்வொருவரையும் பாடசாலையின் மூத்த ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைக்கிறோம். நான் இதுவரை கூறிய வரலாறெல்லாம் இந்த ஓர் ‘ஒப்படைத்தல்’ என்னும் செயலிலே வந்து நிற்கிறது. ஏனெனில், யாரிடம் ஒப்படைக்கிறோம்? அவர் எங்கே இதைக் கற்றார்?

என் சொந்தக் குற்றம் ஒன்றைக் கூறுகிறேன். பதினைந்து ஆண்டு அனுபவம் பெற்றபின், புதிதாக வந்த ஆசிரியை ஒருவருக்குத் துணை நிற்குமாறு பணிக்கப்பட்டேன். போர்க்காலத்தில் ஊதியமின்றித் தொண்டர் ஆசிரியையாகப் பல ஆண்டு உழைத்து, பின்னரே நிரந்தர நியமனம் பெற்றவர் அவர். நான் அவர் வகுப்பிற் சென்று அமர்ந்தேன். ஆண்டொன்றைத் தவறாகக் கூறினார். நான் எழுந்து, பிள்ளைகள் பார்த்திருக்க, அதைத் திருத்தினேன். பின்னர் வெண்கட்டியை வாங்கி மீதிப் பாடத்தை நானே நடத்தினேன்; மிக நன்றாகவும் நடத்தினேன். அன்றிலிருந்து நான் அவ்வழியாகச் செல்லும்போதெல்லாம் அவர் குரல் தாழ்ந்துவிடும். ஆண்டிறுதியில் இடமாற்றம் கேட்டுச் சென்றுவிட்டார். வேப்பமரத்தடிப் பெரியவர் என்னிடம் கேட்ட அந்த ஒரு வினா எனக்கு நினைவிருந்தது. அவர் அதை எவ்வாறு கேட்டார், எதையெல்லாம் கூறாது விட்டார், எங்கே வைத்துக் கேட்டார் என்பதை நான் கற்றிருக்கவில்லை.

எம் துறைமுகத்தில் இதற்கோர் ஒப்புமை உண்டு. பெருங்கப்பல் ஒன்று உள்ளே வரும்போது துறைமுக வழிகாட்டி கடலிலேயே அதில் ஏறுகிறார். கப்பலின் தலைவர் கடல்கள் பல கடந்தவர். ஆயினும் இத்துறையின் ஆழமும் பாறையும் வழிகாட்டிக்கே தெரியும். அவர் சொல்ல, தலைவரின் ஆட்கள் சுக்கானைத் திருப்புகின்றனர். நல்ல மீகாமனாக இருப்பவரெல்லாம் துறைமுக வழிகாட்டி ஆகிவிட முடியாது. அத்தொழிலுக்கு வேறு பயிற்சி, வேறு சான்று. நாமோ பாடசாலையில் நன்றாகக் கற்பிப்பவரை நன்றாக வழிகாட்டுவார் என்று கொண்டுவிடுகிறோம்.

அப்பயிற்சியில் என்ன கற்பிப்பது? முதலாவது, பார்த்தல். வகுப்பில் நடந்ததை நடந்தவாறே எழுதுதல்; “நன்று”, “போதாது” என்ற தீர்ப்புகளை எழுதாதிருத்தல். எத்தனை வினாக் கேட்டார், எத்தனை பிள்ளைகள் விடை கூறினர், வினாவுக்கும் விடைக்கும் இடையில் எத்தனை நொடி பொறுத்தார் என்று குறித்தால், அக்குறிப்பே பேசும். இது எளிதன்று; எங்கள் ஆசிரியர் சிலரை இதற்குப் பழக்கியபோது, முதல் நாள் ஒருவர்கூடத் தீர்ப்பின்றி ஒரு பக்கம் எழுதவில்லை. அடுத்தது, பாடத்துக்கு முன்னர் இருந்து பேசுதல். பாடக்குறிப்பை முன்னரே சேர்ந்து பார்த்தால் பிழையின் பாதி அங்கேயே தீரும். பிள்ளைகள் முன் திருத்த வேண்டிய நிலையே எழாது. பின்னர், கேட்டல். ஒரே சந்திப்பில் ஒரே பொருள். இன்னொன்றையும் கூறியாக வேண்டும்: துணை நிற்பவரும் புள்ளியிடுபவரும் ஒருவராக இருத்தலாகாது என்பது என் முடிபு. கட்டுறுபயில்வுக்கு மதிப்பீடு வேண்டியதே. ஆனால் தன் குறையைச் சொன்னால் புள்ளி குறையும் என்று அஞ்சும் இளைஞர் குறையை மறைக்கவே கற்பார். இவ்விடத்தில் மாறுபடுவோர் உளர். சிறிய பாடசாலைகளில் இரண்டு பேருக்கு ஆளெங்கே என்று அவர்கள் கேட்பதும் நியாயமே.

நேரத்தைப் பற்றிய வினாவோ எங்கும் ஒன்றே. யப்பான் 1988இல் சட்டம் இயற்றி, அடுத்த ஆண்டு முதல் புதிய ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஓராண்டுத் தொடக்கப் பயிற்சியையும் வழிகாட்டும் ஆசிரியரையும் கட்டாயமாக்கியது. இங்கிலாந்து 2021 செப்டெம்பரில் அத்தொடக்க காலத்தை ஈராண்டாக நீட்டி, முதலாண்டில் புதியவரின் கற்பித்தல் நேரத்தில் பத்திலொரு பங்கைக் குறைத்தது. வழிகாட்டுவோருக்கும் பயிற்சியை ஏற்படுத்தியது. 1846இல் ஒப்புக்கொண்டு 1862இல் கைவிட்டதை மீண்டும் கண்டெடுக்க அந்நாட்டுக்கு இத்தனை காலம் சென்றது. அச்செல்வம் எம்மிடம் இல்லை எனலாம். ஆனால் வாரத்துப் பாடவேளைகளில் இரண்டை ஒதுக்குவது செல்வத்தினால் மட்டும் ஆவதன்று. நேரசூசி தயாரிப்பவரின் மனத்தினாலும் ஆவது.

இவ்வாண்டு என் பாடசாலைக்குப் புதியவர் இருவர் வந்துள்ளனர். ஒருவர் கல்வியியற் கல்லூரியிலிருந்து வந்தவர். மற்றவர், என்னைப் போலவே, பட்டத்தை மட்டும் கொண்டு வந்தவர். பின்னவர்க்குத் துணையாக எம் மூத்த ஆசிரியை ஒருவரை அமர்த்தி, வாரத்தில் இரண்டு பாடவேளைகளை அவருக்கு ஓய்வாக்கி இருக்கிறேன். ஒன்று பார்ப்பதற்கு, ஒன்று பேசுவதற்கு. அவ்விரு வேளைகளிலும் அவருடைய எட்டாந் தரத்து வகுப்புக்கு வரலாறு கற்பிக்க நானே செல்கிறேன். நேற்றும் சென்றேன். வாங்குகளுக்கிடையே ஒரு முறை நடந்து, ஒவ்வொரு பிள்ளையின் முன்னும் விரிந்திருந்த நூல் எதுவெனப் பார்த்துவிட்டே பாடத்தைத் தொடங்கினேன்.